அத்தை மகளின் வாய்ப்புண்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் இப்போது வேறென்ன பேசுகிறோம்? சர்க்கரை, முழங்கால், தூக்கம், அதற்கப்புறம் பல். பல்செட் வைத்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். கீழ் ஈறில் உரசி உரசிப் போன மாதம் எனக்கு ஒரு புண் வந்தது. தென்காசியில் பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி, விளக்கடித்துப் பார்த்து, புதினா வாசம் வீசும் ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்தால் மருமகள் மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பால் விட்டுச் சமைத்து வைத்திருக்கிறாள். "வாய்ப்புண்ணுக்கு நல்லதாம்லா அத்தை, செல்போன்ல பாத்தேன்" என்றாள். நல்ல பெண். ஆனால் அந்தக் கிண்ணத்தைப் பார்த்ததும் எனக்கு நன்றி வரவில்லை. பொறாமை வந்தது.

கீரைக் கிண்ணத்தைப் பார்த்துப் பொறாமையா என்று சிரிக்காதீர்கள். வாய்ப்புண் என்று யார் சொன்னாலும் எனக்கு முதலில் வருவது அதுதான். பாவம் என்று சொல்ல வாய் திறப்பதற்குள் அது முந்திக்கொள்ளும். பத்து வயதில் ஒரு குற்றாலச் சீசனில் தொடங்கியது, இன்னும் விட்டபாடில்லை.

நாங்கள் அப்போது இருந்தது மேலகரத்தில். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழி. அப்பா லாரி ஓட்டினார். தென்காசியில் காய்கறி ஏற்றிக்கொண்டு செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு என்று மலையேறிப் புனலூர், கொட்டாரக்கரை வரைக்கும் போவார். திரும்பி வரும்போது மரச்சீனிக் கிழங்கு வரும், சில சமயம் ரப்பர். செக்போஸ்ட்டில் நின்று நின்று மலையாளம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. வீட்டில் அவர் இருக்கிற நேரமெல்லாம் தூங்குகிற நேரம். "சத்தம் போடாதட்டி, அப்பா முழிச்சிருவாவ" என்று அம்மா வாயில் விரல் வைப்பாள். அப்பா என்றால் எனக்குப் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பாதங்கள்தான் முதலில் நினைவுக்கு வரும்.

சாப்பிடும்போது மட்டும் ஒரு வழக்கம் உண்டு. கடைசியில் மோர் விட்டுப் பிசைந்த சோற்றை வழித்து, ஒரு உருண்டை உருட்டி என் பக்கம் நீட்டுவார். வெறும் மோர்ச்சோறு. ஓரத்தில் ஊறுகாயின் சிவப்பு ஒட்டியிருக்கும். அவர் விரலில் டீசல் வாசம் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது, அதுவும் சேர்ந்து வரும். அந்த உருண்டை எனக்கு மட்டும். அம்மாவுக்குக்கூடக் கிடையாது.

அந்த வருஷம் சாரல் விழத் தொடங்கிய சமயம் பார்த்து லாரிக்கு எஞ்சின் இறக்கிவிட்டார்கள். சாமான் மதுரையிலிருந்து வர வேண்டும், வந்து மாட்ட வேண்டும். சீசன் முடிகிற வரைக்கும் அப்பா வீட்டில். எனக்குத் தலைகால் புரியவில்லை. சைக்கிளில் ஐந்தருவிக்குக் கூட்டிப்போகிறேன் என்றார், மங்குஸ்தான் வாங்கித் தருகிறேன் என்றார். "இந்த சீசன் பூரா ஒங்கூடத்தாம்ட்டி" என்றார். வகுப்பில் ஒருத்தி பாக்கியில்லாமல் சொல்லிவிட்டேன்.

அப்போதுதான் அத்தை வந்தாள். அப்பாவின் தங்கை, புனலூரில் வாழ்க்கைப்பட்டவள். குகைகளுக்குள் புகுந்து புகுந்து வரும் அந்தப் பழைய ரயிலில் வந்து இறங்கியதால் அத்தை மூக்கு நுனியிலும் கரி, மகள் மூக்கு நுனியிலும் கரி. மகளுக்கு ஏழு வயது. சுருட்டை முடி, எண்ணெய் மினுக்கும் கன்னம். வந்த உடனே என்னைப் பார்த்து "சேச்சி" என்றாள். அக்கா என்று அர்த்தமாம். எனக்கு என்னவோ சேச்சே என்று சொன்னது மாதிரி இருந்தது.

அத்தையின் கணவர் பெர்ஷியாவுக்கு, இப்போது வளைகுடா என்கிறோமே அங்கே, வேலைக்குக் கப்பலேறியவர். முதலில் கடுதாசி வந்தது, பிறகு குறைந்தது, பிறகு அந்தப் பேச்சையே பெரியவர்கள் எங்கள் முன்னால் எடுப்பதில்லை.

"மதினி, மாமியாருக்கு மேலுக்குச் சொகமில்ல. ஆஸ்பத்திரியில வச்சிருக்கு. பிள்ளைய இங்கன விட்டுட்டுப் போறேன்" என்றாள் அத்தை அம்மாவிடம். "அன்னாசிப்பழத்தத் தின்னு தின்னு வாயில புண்ணு வந்து கெடக்கு. கொஞ்சம் பாத்துக்கிடுங்க."

அடுத்த ரயிலுக்கே போய்விட்டாள்.

அன்று மதியம் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். வத்தக்குழம்பு. அத்தை மகள் சோற்றைத் துழாவிக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா மோர்ச்சோற்றை உருட்டினார். நான் வாயைத் திறந்தேன். அவள் சொன்னாள்:

"கொதியாவுது."

அம்மா பதறிப்போனாள். "ஐயோ பாவம், பிள்ளைக்கு வாய் கொதிக்காம்லா! குழம்புல காரம் ஏறிட்டு. புண்ணு வாயில்லா."

அம்மா வீரகேரளம்புதூர்க்காரி. ஊர்ப் பேரில்தான் கேரளம், மலையாளத்தில் ஒரு சொல் தெரியாது. எனக்கும் தெரியாது. பிள்ளை அரைகுறைத் தமிழில் வாய் கொதிக்கிறது என்று சொல்கிறாள், அவ்வளவுதான் எங்களுக்கு.

அப்பாவின் கை பாதி வழியில் நின்றது. அவளைப் பார்த்தார். பிறகு கை என் வாய்க்கு வராமல் திரும்பி அவள் வாய்க்குப் போனது. "இதுல காரமில்ல மருமவளே, ஆ காட்டு" என்றார். அவள் வாங்கிக்கொண்டாள். நான் திறந்த வாயை மூட மறந்து உட்கார்ந்திருந்தேன்.

அதையும் கவனியுங்கள். நான் 'ஏட்டி', அவள் 'மருமவளே'. முறைப்படி தங்கை மகள் மருமகள்தான். ஆனால் முறை எல்லாம் பத்து வயதில் யாருக்கு வேண்டும்?

மறுநாளிலிருந்து எங்கள் வீடு ஆஸ்பத்திரி ஆயிற்று. அம்மா மணத்தக்காளிக் கீரையை ஆய்ந்து, சின்ன வெங்காயம் வதக்கி, பருப்புப் போட்டு, மிளகாயே காட்டாமல், இறக்கும்போது கெட்டித் தேங்காய்ப்பால் விட்டாள். அந்தக் கீரைக்கு லேசான கசப்பு உண்டு, பாலின் இனிப்பில் அது தொண்டைக்குள் போகும்போதுதான் தெரியும். முதல் பால் முழுவதும் அவளுக்கு. எனக்கு மூன்றாம் பால் விட்ட ரசம். பக்கத்து வீட்டில் ஒரு போலீஸ்காரர் மனைவி இருந்தாள். அவள் கொய்யாக் கொழுந்தோடு வந்தாள்.

"கீரையெல்லாம் வயித்துப் புண்ணுக்குத்தான் கேக்கும். வாய்க்குக் கொய்யாக் கொழுந்துதான். மென்னு துப்பச் சொல்லு, பொறவு பாரு."

"எக்கா, சூட்டுனால வந்த புண்ணு. சூடு எறங்கணும்லா மொதல்ல?" என்றாள் அம்மா.

"சூட்டுக்குத்தான் சொல்லுதேன்!"

இரண்டு பேருக்கும் பேச்சு வளர்ந்தது. கடைசியில் இரண்டு வைத்தியமும் நடந்தது. பிறகு நாட்டு மருந்துக் கடையிலிருந்து மாசிக்காய் வந்தது. கோலிக்குண்டு அளவில், மேலே முள்முள்ளாக இருக்கும். சந்தனக் கல்லில் அதை இழைத்துத் தேனில் குழைத்துத் தடவினார்கள். யாரும் பார்க்காதபோது நான் கல்லை நக்கிப் பார்த்தேன். தேனுக்கு ஆசைப்பட்டுத்தான். துவர்ப்பு என்றால் அப்படி ஒரு துவர்ப்பு, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. அவளோ முகத்தைச் சுளிக்காமல் சப்பினாள். அப்பாவின் மடியில் உட்கார்ந்துகொண்டு சப்பினால் சுளிப்பு எங்கே வரும்?

எல்லாவற்றுக்கும் மேலே அப்பாவின் மருந்து. அது லாரிக்காரர்கள் மருந்து. எஞ்சின் சூடு நேரே முகத்தில் அடித்து, தூக்கம் கெட்டு, வாய் வெந்துபோகும் டிரைவர்களுக்கு. அவர்கள் வழியில் எங்கே பிச்சிக்கொடி கண்டாலும் வண்டியை ஓரங்கட்டி இலையைப் பறித்து மெல்வார்களாம். எங்கள் வீட்டில் கிணற்றடியில் பிச்சிக்கொடி இருந்தது. அதில் பூக்கிற பூ என் தலைக்கு. பிச்சிப்பூவுக்கு இருக்கிற வாசத்தில் ஒரு பொட்டுக்கூட இலைக்குக் கிடையாது, வெறும் கசப்பு. காலையில் அப்பா துவைகல்லில் உட்கார்ந்து கொழுந்தாகப் பறித்து, கழுவி, அவளுக்கு நாலு இலை கொடுப்பார். தானும் நாலு இலை போட்டுக்கொள்வார். அவர் வாயில் புண்ணே இல்லை. அவளுக்குத் துணையாம்! இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மென்று பச்சையாகத் துப்புவார்கள். யார் தூரமாகத் துப்புவது என்று போட்டி வேறு. ஏதோ குசுகுசுவென்று பேசிக்கொள்வார்கள். நான் பைக்கட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். அவளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது, வந்த இடம். எனக்குத்தான் வாத்தியார், வீட்டுப்பாடம், பிரம்பு எல்லாம். தெருமுனை வரைக்கும் அந்தச் சிரிப்புச் சத்தம் என் பின்னாலேயே வரும். அந்தச் சத்தத்தை இப்போது எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது, மறைப்பானேன்?

கொடி மொட்டையாயிற்று. பூ குறைந்தது. "அம்மா, எனக்குப் பூ?" என்றால், "பிள்ளை வாய் ஆறட்டும்ட்டி, பூ எங்க போகப்போகுது" என்பாள். ஆனால் அம்மாவுக்கும் உள்ளே எரிந்துகொண்டிருந்தது. ஒருநாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே தனக்குத் தானே சொன்னாள். "பிரசவத்துல எனக்கு வாயெல்லாம் அவிஞ்சு கெடந்துச்சே, ஒரு எல பறிச்சுத் தந்துருப்பாவளா இந்த மனுசன்?" சட்டி அன்றைக்குப் பளபளத்தது.

நானும் சும்மா இருக்கவில்லை. வாய்ப்புண் வரவழைக்கப் பார்த்தேன். அன்னாசிப்பழத்தின் முள்ளை எடுக்காமலே கடித்தேன். புளியங்காயை உப்புத் தொட்டுத் தின்றேன். காந்தாரி மிளகாய் ஒன்றை மென்று கண்ணில் நீர் வடிய நின்றேன். ஒன்றும் வரவில்லை. கண்ணாடி முன்னால் உதட்டைப் பிதுக்கிப் பிதுக்கிப் பார்த்தால், உள்ளே ரோஜாப்பூ நிறத்தில் கெட்டியாக இருந்தது. என் வாய் இரும்பு வாய். வயிற்று வலிதான் வந்தது. அதற்கு ஓமத் தண்ணீரும், முதுகில் இரண்டு அடியும்.

ஒன்று மட்டும் எனக்கு அப்போதே தெரிந்திருந்தது. அவளுக்கு வாய் எரிவது என்னைப் பார்த்துத்தான். நான் அப்பாவின் முதுகில் சாய்ந்தால் "கொதியாவுது" என்பாள். அப்பா என் சிலேட்டில் கணக்குப் போட்டுக் கொடுத்தால் "கொதியாவுது". நான் வாசலிலிருந்து "அப்பா!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாலே போதும், மூலையிலிருந்து அந்தச் சத்தம் வரும். உடனே ஒரு இலை, ஒரு தேன், ஒரு மடி. சொன்னேனே அம்மாவிடம்! "நான் அப்பாகிட்டப் போனா மட்டும் அவளுக்கு வாய் வலிக்கி, பாரும்மா" என்றேன். "பொறாமை பிடிச்ச கழுத" என்று அம்மா என் கன்னத்தில் இடித்தாள்.

ஐந்தருவிக்குப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சைக்கிளில் முன் கம்பி எப்போதும் என் இடம். அன்று அதில் துண்டைச் சுற்றி அவளை உட்காரவைத்தார், நான் பின்னால் கேரியரில். வழியெல்லாம் சாரல். அப்பாவின் முதுகுச் சட்டையைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். அவர் சொல்கிற கதையெல்லாம் முன்பக்கமாகவே போனது, காற்று எனக்குப் பாதி வார்த்தைதான் கொண்டுவந்தது.

அருவிக்கரையில் எண்ணெய் வாசம், ஈரத் துணி வாசம், சுட்ட சோளம். அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் போனார். "சூடு எறங்கட்டும், அண்ணாந்து வாயத் தொற மருமவளே" என்றார். நான் பக்கத்தில் நின்று அண்ணாந்து அண்ணாந்து தண்ணீர் குடித்தேன். யாரும் கவனிக்கவில்லை. கரையேறியதும் மங்குஸ்தான் வாங்கினார். இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து அழுத்தினால் கருஞ்சிவப்புத் தோடு பிளந்து, உள்ளே பஞ்சு வெள்ளையில் சுளைகள். முதல் பழம் அவளுக்கு, மெத்தென்று இருப்பதால் புண் உறுத்தாதாம். பழம் விற்ற அம்மாள் விஷயம் கேட்டுவிட்டு, "அண்ணாச்சி, தோட்டக் களஞ்சிராதிய. கொதிக்கவச்சு ஆறுன தண்ணியில வாய் கொப்புளிக்கச் சொல்லுங்க, புண்ணு வாடிரும்" என்றாள். அப்பா தோட்டையெல்லாம் பொறுக்கித் துண்டில் முடிந்துகொண்டார், நான் தின்ற பழத்தின் தோட்டையும் சேர்த்து. பழமும் அவளுக்கு, தோடும் அவளுக்கு.

அப்போது எங்களுக்கு முன்னால் ஒரு ஆள் தன் மகளைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு போனான். அந்தப் பிள்ளை அவன் முடியைப் பிடித்துக்கொண்டிருந்தது. அத்தை மகள் நின்றுவிட்டாள்.

"மாமா, கொதியாவுது."

அப்பா அந்த ஆளைப் பார்த்தார். இவளைப் பார்த்தார். குனிந்து இவளைத் தூக்கித் தன் தோளில் வைத்துக்கொண்டார். நான் கேட்டேன், வாய் எரிந்தால் தோளில் ஏற்றுவது என்ன வைத்தியம் என்று. நிஜமாகவே கேட்டேன். அப்பா சிரித்தார்.

"ஒசரத்துல காத்து நல்லா அடிக்கும்லாட்டி. வாய் ஆறும்."

நான் துண்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

அத்தை திரும்பி வந்ததும் லாரிக்குச் சாமான் வந்ததும் ஒரே வாரத்தில். கிளம்புகிற அன்று அத்தை, மகளை வெளிச்சத்துக்கு இழுத்து உதட்டைப் பிதுக்கிப் பார்த்துவிட்டு, "புண்ணு இருந்த எடமே தெரியலையே மதினி!" என்றாள். உடனே அங்கே பஞ்சாயத்து. கீரைதான் என்றாள் அம்மா. கொய்யாக் கொழுந்து என்றாள் போலீஸ்காரர் மனைவி, மதில் மேல் எட்டிப்பார்த்து. பிச்சி இலை என்று ஒரு வார்த்தை அப்பாவும் சொல்லிவைத்தார். எப்போது ஆறியது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ரயில் போனது. அப்பா மறுநாள் லாரி ஏறினார். சீசன் முடிந்தது. எனக்கென்று சொன்ன சீசன்.

அதற்குப் பிறகு அப்படி ஒரு சீசன் வரவில்லை. அப்பா லாரியிலேயே ஓடி ஓடி, பிறகு ஒருநாள் ஓட்டம் நின்று போய்ச் சேர்ந்தார். எனக்குக் கல்யாணம், பிள்ளைகள் எல்லாம் ஆயிற்று. அத்தை மகளுக்கும் ஆயிற்று. அவள் அப்பா பெர்ஷியாவிலிருந்து வரவே இல்லை. அங்கேயே வேறு குடும்பமாம். அத்தை அதைச் சாகும்வரை வாயால் சொல்லவில்லை.

போன வருஷம் அத்தை மகள் தன் பேரனுக்குச் சோறூட்டும் விசேஷம் என்று புனலூருக்குக் கூப்பிட்டாள். போனேன். இலை விரித்து, பாயசம் வைத்து, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அதன் அப்பா முதல் சோற்றை ஊட்டினான். பக்கத்தில் மூத்த பேத்தி, நாலு வயசுக்காரி, விரலைச் சூப்பிக்கொண்டு நின்றாள். திடீரென்று சொன்னாள்:

"கொதியாவுன்னு."

வீடே சிரித்தது. யாரும் பதறவில்லை. யாரும் இலை தேடி ஓடவில்லை. அந்தத் தகப்பன் இன்னொரு கையால் அவளை இழுத்து அணைத்து, அவள் வாயிலும் ஒரு வாய் ஊட்டினான். நான் அத்தை மகளிடம் கேட்டேன், பிள்ளைக்கு வாயில் புண்ணா என்று.

"புண்ணா? அது எதுக்கு சேச்சி? கொதின்னா ஆசை. சும்மா ஆசை இல்ல, இன்னொருத்தர் கையில இருக்கதப் பாத்து, நமக்கும் வேணும்னு ஏக்கமா வரும்லா, அது."

மலைக்கு இந்தப் பக்கம் கொதி என்றால் சூடு. அந்தப் பக்கம் இறங்கினால் ஏக்கம். ஒரு சீசன் முழுக்க அந்த வீட்டில் அவள் அப்பா, அப்பா என்று ஏங்கியிருக்கிறாள், நாங்கள் கொய்யாக் கொழுந்து கொடுத்திருக்கிறோம். பாயச டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அப்ப ஒனக்கு அன்னைக்கு வந்த வாய்ப்புண்ணு?"

"அது வந்த வாரத்துலயே ஆறிப்போச்சு, சேச்சி" என்று சிரித்தாள். "அதுக்குப் பெறகும் நீங்கல்லாம் எலை எலையாக் கொண்டுவந்தா நான் என்ன செய்யட்டும்? தின்னேன்."

"எங்க அப்பாவுக்கு மலையாளம் தெரியுமே."

"மாமாவுக்குத் தெரியாமயா?" என்றாள். சொல்லவா வேண்டாமா என்று என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "மொத நாளே கிணத்தடியில வச்சுக் கேட்டாரு, மலையாளத்துலயே. 'எந்தினா மோளே கொதி?'ன்னு. எதுக்கு ஏங்குதேன்னு. நான் 'அச்சன்'னேன். எங்க அப்பா வேணும்னு."

"அதுக்கு?"

"பிச்சி எலையப் பறிச்சு என் வாயில வச்சாரு, தன் வாயிலயும் போட்டுக்கிட்டாரு. 'யாரு கேட்டாலும் வாய்ப்புண்ணுன்னே சொல்லு மோளே, ஒங்க அம்மைகிட்டயும்'னாரு."

எனக்கு இப்போது எல்லாம் விளங்குகிறது. அப்பனைத் தேடுகிறாள் பிள்ளை என்று தெரிந்தால் தெரு முழுக்கக் கேள்வி வரும், அவன் ஏன் கடுதாசி போடவில்லை என்று அத்தையின் தலை உருளும். வாய்ப்புண் என்றால் அக்கம்பக்கம் எல்லாம் இலையோடு வரும், ஒரு கேள்வியும் வராது. அப்பா கெட்டிக்காரர். தங்கையின் மானத்தையும் காத்து, தங்கை மகளையும் தோளில் தூக்கியிருக்கிறார். நல்ல மனுசன் என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் சொல்கிறேன்.

ஆனால் உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? இரக்கம் வந்தது ஒரு நிமிஷம்தான். அதற்குப் பின்னாலேயே பொறாமை வந்தது, இத்தனை வருஷமாக இருந்ததைவிடப் பெரிதாக. இதுவரை நான் பொறாமைப்பட்டது தேங்காய்ப்பாலுக்கும் சைக்கிள் கம்பிக்கும்தான். இப்போது தெரிகிறது, அவர்கள் இருவருக்கும் நடுவில் ஒரு ரகசியம் இருந்திருக்கிறது, என் வீட்டுக் கிணற்றடியில், எனக்குத் தெரியாத ஒரு பாஷையில். அவளை ஒருவர் உட்காரவைத்து உனக்கு எதற்கு ஏக்கம் என்று கேட்டிருக்கிறார். நான் அதே வீட்டில், அதே மனுஷரைப் பார்த்து, அதே ஏக்கத்தோடு, பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். அவருக்கு அவள் பாஷை புரிந்தது.

கேட்கக் கூடாதென்று நினைத்தேன். கேட்டுவிட்டேன்.

"அந்தக் கிணத்தடியில வச்சு அப்பா என்னப் பத்தி ஏதும் சொன்னாவளா?"

அத்தை மகள் யோசித்தாள். நேர்மையாக, நெற்றியைச் சுருக்கி யோசித்தாள்.

"இல்ல சேச்சி. ஒண்ணும் சொன்னதா எனக்கு ஓர்மையில்ல."

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சாயங்காலம் கேரளா பஸ்ஸில் திரும்பினேன். பக்கத்து சீட்டில் தென்காசிக்காரப் பெண் ஒருத்தி, கையில் துணிப் பை, வேலைக்குப் போய்த் திரும்புகிறவள் மாதிரி இருந்தது. ஆரியங்காவு வளைவுகளில் மழை இருட்டிக்கொண்டு வந்தது. அப்பா எத்தனை தடவை ஓட்டிய ரோடு இது என்று பார்த்துக்கொண்டே வந்தேன். யாருக்கும் கேட்காது என்று நினைத்துத்தான் சொல்லிப் பார்த்தேன். இந்த வயதில் முதல் தடவையாக.

"அப்பா, கொதியாவுது."

கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது போலிருக்கிறது. அந்தப் பெண் சட்டென்று திரும்பினாள்.

"என்ன ஆச்சி, மேலு கொதிக்கா? காய்ச்சலா?"

நான் பதில் சொல்வதற்குள் என் நெற்றியில் கை வைத்துவிட்டாள். குளிர்ந்த கை. புறங்கையால் கழுத்தில் தொட்டுப் பார்த்தாள், மறுபடியும் நெற்றியில் வைத்தாள்.

"சூடு ஒண்ணும் இல்லையே ஆச்சி."

இல்லைதான். ஆனாலும் அவள் கையை உடனே எடுக்கவில்லை. நான் எடுக்கச் சொல்லவும் இல்லை.